பாபு ஆடான படலம்: ஒரு விலங்கியல் ஆய்வு

ஆண் எந்தக் கட்டத்தில் ஆடாகிறான் என்பது விலங்கியலார் இதுவரை தொடாத துறை. சான்றுகளுக்கோ பஞ்சமில்லை. 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா காளிகாட் கோயிலைச் சுற்றிப் பட்டுவா என்னும் ஓவியர்கள் தாளில் தீட்டி, யாத்ரீகர்களுக்குப் பைசாக் கணக்கில் விற்ற படங்களே மூல ஆவணம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மட்டும் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன.

முதலில் மாதிரி உயிரியை அடையாளம் காண வேண்டும். கம்பெனி வியாபாரத்திலும் ஜமீன் வருமானத்திலும் கொழுத்த குடும்பத்தின் வாரிசு, பெயர் பாபு. விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் பாணியில் வகிடெடுத்த எண்ணெய்த் தலை, விசிறியாகக் கொசுவிய வேட்டி நுனி, பக்கிள் வைத்த ஷூ, கையில் ஹூக்காக் குழாய் அல்லது ஒற்றை ரோஜா. படத்துக்குப் படம் முகம் மட்டும் மாறுவதே இல்லை. வகிடையும் வேட்டியையும் கழித்தால் பாபு பூஜ்யம். ஆண்மை என்பது சலவைக்காரரும் முடிதிருத்துபவரும் கூட்டாகத் தயாரிக்கும் பண்டம் என்பதே பட்டுவாவின் கண்டுபிடிப்பு.

இந்த உயிரி காதல் வயப்பட்டதும் நிலைகுலைகிறது. தாசியின் காலடியில் அமர்கிறது. துடைப்பத்தால் அடி வாங்குகிறது. சில படங்களில் அவள் மல்லாந்து கிடக்கும் பாபுவின்மேல் காலூன்றி நிற்கிறாள். அதே பட்டுவாதான் சிவன்மேல் நிற்கும் காளியையும் தீட்டி விற்றவன். இந்த ஒற்றுமை தற்செயல் என்பதை இவ்வாய்வு ஏற்கவில்லை.

முடிவில் கழுத்தில் கயிறு. உடல் ஆட்டினுடையது, முகம் மட்டும் பாபு. கயிற்றின் மறுமுனை அவள் கையில். அசாமின் காமரூபத்துப் பெண்கள் ஆண்களை ஆடாக்கிவிடுவார்கள் என்ற பழைய வங்காள நம்பிக்கைக்குப் பட்டுவா நகர முகவரி கொடுத்துவிட்டான்.

கோட்பாட்டுக்கு நெருடலான ஒரு விதிவிலக்கு உண்டு. 1873இல், தாரகேஸ்வர் கோயில் தலைவரான மகந்தோடு தொடர்பு என்று, அரசு அச்சகத்தில் வேலை பார்த்த நபின் தன் மனைவி எலோகேசியை அரிவாள்மணையால் கொன்றான். கொலை, வழக்கு, சிறையில் மகந்த் செக்காட்டுவது என்று பட்டுவாக்கள் வரிசையாகத் தீட்டித் தள்ளினார்கள். நபினுக்கும் அதே பாபு உடைதான், ஆனால் ஆடாகவில்லை. கேலிக்குள் ஒளிந்திருந்த பயம் இங்கே வெளியே வருகிறது: பெண் கையில் கயிறு இருந்தால் ஊர் சிரிக்கும்; ஆண் கையில் அரிவாள்மணை இருந்தால் ஊர் பரிதாபப்படும். அவனை விடுவிக்கக் கோரி மனுக்கள் குவிந்தன. 1875இல் வெளியே வந்தான்.

மலிவான அச்சுப் படங்கள் வந்ததும் பட்டுவாவின் கடை படுத்தது. 1917இல் ககனேந்திரநாத் தாகூர் தன் லித்தோகிராப் தொகுப்புகளில் பாபு வர்க்கத்தைக் கிழித்தார். அவரோ தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ மாளிகைப் பிள்ளை, அதே வர்க்கம். அவர் படங்களைச் சான்றாகச் சேர்ப்பதா, ஒப்புதல் வாக்குமூலமாக ஒதுக்குவதா என்பதில் ஆய்வுக் குழு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.