சாதனைப் பெருக்கம்: சிறு கல்லூரிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

சாதனையைச் செய்பவர் மாணவர். சாதனைப் பட்டியலைச் செய்வது கல்லூரி. முன்னதைப் பாடியோர் பலர். பின்னதைத் தீண்டுவாரில்லாமையால் இக்கட்டுரை எழுந்தது என்க.

ஆய்வுக் களம், ஊருக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்துக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டு நிற்கும் சிறிய கலை அறிவியல் கல்லூரி. இத்தகைய கல்லூரி எல்லா மாவட்டத்திலும் உண்டாதலால் பெயர் வேண்டா. சான்றுகள் மூன்று: முதல்வர் அறையின் கண்ணாடி அலமாரி, வாயிலில் கட்டிய ஃபிளெக்ஸ், ஆண்டு விழாவில் வாசிக்கப்படும் அறிக்கை. மூன்றுக்குமிடையே பாடபேதம் மிகுதி. 'மண்டலக் கபடியில் மூன்றாமிடம்' என்பது மூலபாடம். ஃபிளெக்ஸில் அது 'வெற்றி வாகை சூடிய வீராங்கனைகள்' ஆகிறது. அறிக்கையிலோ 'பல்கலைக்கழக அளவில் முத்திரை பதித்தனர்'. ஃபிளெக்ஸின் முக்கால் பங்கில் தாளாளர் கைகூப்பி நிற்க, மாணவியர் கீழே பாஸ்போர்ட் அளவில் வரிசையாக இருப்பர். இதில் மாணவியர் இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். அற்றன்று, தாளாளரே இடைச்செருகல் என்பர் வேறொரு சாரார். இரண்டாம் சாரார் எவரும் இப்போது அக்கல்லூரியில் பணியில் இல்லை.

இனிக் கோப்பை. கால்பந்து உலகக் கோப்பையின் உயரம் 36.8 சென்டிமீட்டர். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் முட்டிக்கொள்ளும் ஆஷஸ் கலசம் அரைச் சாண்தான் தேறும். கல்லூரிகளுக்கிடையிலான கேரம் போட்டியில் ரன்னர்ஸுக்குக் கொடுத்த கோப்பையோ இடுப்பளவு நிற்கிறது. அலமாரியில் நுழையாமல் பீரோவின் மேலேறி, மின்விசிறிக்குப் பயந்து சாய்ந்திருக்கிறது. ஆகவே போட்டி சிறுக்கக் கோப்பை பெருக்கும் என்பது பெறப்படும். அதன் உச்சியில் நிற்கும் தங்க நிற மனிதன் கேரம் ஆடவில்லை, மட்டையை ஓங்கி சிக்ஸர் அடிக்கிறான். கடையில் அன்றைக்கு அவன்தான் இருந்தான். இதற்கு மேல் உட்பொருள் தேட வேண்டியதில்லை.

கல்விச் சாதனையைச் சுருக்கமாக முடிக்கலாம். ஒரு பாடப்பிரிவைப் பல்கலைக்கழக எல்லைக்குள் எத்தனை குறைவான கல்லூரிகள் நடத்துகின்றனவோ, ரேங்க் அத்தனை பக்கத்தில் வரும். பேச்சுப் போட்டிக்குத் தமிழ்த்துறை போதும். தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் போட்டிகளில், ஒரே உரையைத் தலைவர் பெயரை மட்டும் மாற்றிப் பேசி வென்று வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேடையில் பேசும் பெரியவர்களும் அதைத்தானே செய்கிறார்கள்?

பெருக்கத்தின் உச்சம், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் குழு வரும் ஆண்டில் தெரியும். 1994-இல் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு கல்லூரிகளை அளக்க ஏழு அளவுகோல்கள் வைத்திருந்தது. ஐந்தாவது மாணவரைப் பற்றியது. விளையாட்டு, கலை விருதுகளை எண்ணச் சொன்ன இடத்தில், குழுவாக வென்றதை ஒன்றாகவே கணக்கிட வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு இருந்தது. விதி எழுந்ததால் அதற்கு முன் வழு இருந்தது என்பது போதரும். கபடியில் களத்தில் 7 பேர், வெளியே மாற்று ஆட்கள் 5 பேர். ஒரு மூன்றாமிடம் ஒரு டஜன் சாதனையாகிக் கோப்பில் ஏறியிருக்கும். அடைப்புக்குறி வந்தபின் எத்தனை துறைத்தலைவர்கள் பெருமூச்சு விட்டார்களோ!

இத்தனை பிரதிகளிலும் இடம்பெறாத தாள் ஒன்று உண்டு. அது ஓ.டி. கடிதம். போட்டிக்குப் போன நாள்களை வருகையாகக் கணக்கில் சேர்க்க பி.டி. சார், துறைத்தலைவர், முதல்வர் என்று வரிசையாகக் கையெழுத்து வேண்டும். ஒன்று குறைந்தாலும் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அப்புறம் கண்டொனேஷன் கட்டணம்தான். ஃபிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருக்கும் ரைடர் பெண்ணை அலுவலக ஜன்னலில் காணலாம்.

"சார், வெளிய பேனர்ல இருக்கிறது நான்தான் சார்."

"இருக்கட்டும்மா. ஹெச்.ஓ.டி. சைன் எங்க?"

துறைத்தலைவர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே. ஆண்டு விழாவில் அவளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளுமுன், உங்கள் மேசைமேல் கிடக்கும் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.