இருசக்கர ஊர்தியில் இருத்தலும் இருத்தல் நிமித்தமும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

நெடும்பயணம் கிலோமீட்டரால் அளக்கப்படுவதன்று. பைக் ஓட்டுபவர் சீட்டில் முதன்முறையாக ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கத்துக்கு ஓய்வு கொடுக்கும் இடத்தில் அது தொடங்குகிறது. வண்டியை நிறுத்தி, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, வானத்தைப் பார்த்து வளையும் இடத்தில் முடிகிறது. இடைப்பட்ட துன்பத்தைக் குறைக்கும் முயற்சிகள் யாவும் இருக்கை நலம் எனப்படும். இவ்வரையறைப்படி, பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரையுள்ள சுமார் 30 கிலோமீட்டர் நெடும்பயணம் ஆகாது. போய்த் திரும்பினால் ஆகும். ஒரு மூட்டை வெங்காயத்துடன் போனால் போகும்போதே ஆகும்.

பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுப்பது தமிழ் இலக்கண மரபு. இருக்கை நலத்துக்கும் அப்பகுப்பு பொருந்தும்.

2. முதற்பொருள்

முதற்பொருள் நிலமும் பொழுதும். இவ்விரு மாவட்டங்களின் பல பகுதிகள் கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தவை. காரை கிராமத்தை ஒட்டிய செம்மண் ஓடைகளில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவங்களும், வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகமும் இதற்குச் சான்று. கடல் பின்வாங்கியபோது சுண்ணாம்புக்கல்லை விட்டுச் சென்றது. கல்லை நாடி சிமெண்ட் ஆலைகள் வந்தன. ஆலைகளை நாடி டாரஸ் லாரிகள் வந்தன. லாரிகளின் பாரத்தால் தார்ச்சாலை நெளிந்தது. கடல் போன இடத்துக்கு அலை மட்டும் திரும்பி வந்திருக்கிறது என்பதே இதன் சுருக்கம்.

அமர்ந்திருக்கும் மனித உடல், நொடிக்கு 4 முதல் 8 வரையிலான மேல்கீழ் அதிர்வுகளைத்தான் மிகுதியாக உணரும். நெளிந்த சாலையில் இவ்வெல்லைக்குட்பட்ட அதிர்வுகளுக்குப் பஞ்சமில்லை. அம்மோனைட்டுக்கும் இடுப்பெலும்புக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு நிறுவப்படுகிறது.

பொழுதுகளில் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். கறுப்பு ரெக்சின் போர்த்திய சீட் நண்பகலில் வெயிலில் நின்றால் என்னாகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ஒருமுறை அமர்ந்தவர் மறுமுறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டே அமர்வார்.

3. கருப்பொருள்

தெய்வம், பெரும்பாலும் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாட்களில் மட்டும் நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். உணவு, டீயும் வடையும். விலங்கு, சாலை நடுவே படுத்திருக்கும் நாய். பறை, ஹாரன். மரம், நிழல் தரும் புளி. நிழல் தராத மரம், சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கல்மரம். தொழில், பஞ்சர் ஒட்டுதல். இவை தவிர ஆராயத்தக்க கருவிகள் ஐந்து.

அ) துண்டு: நான்காக மடித்து சீட்டில் விரிக்கப்படுவது. வெப்பத்தைத் தடுக்கும், வியர்வையை உறிஞ்சும், வழுக்கலைக் குறைக்கும். இறங்கியதும் தோளுக்குப் போகும். ஒரே பொருள் பயணத்தில் இருக்கையாகவும் ஊரில் மரியாதையாகவும் விளங்குவது வேறு எந்தத் துணைக்கருவிக்கும் வாய்க்காத சிறப்பு. மழையில் துண்டு பயனற்றது. அப்போது கேரி பேக் அதன் இடத்தைப் பெறும்.

ஆ) சீட்: மென்மையே நலம் என்பது பரவலான பிழைக்கொள்கை. அமர்ந்தவரின் பாரத்தை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள் தாங்குகின்றன. ஃபோம் மிக மென்மையாக இருந்தால் அம்முனைகள் அதை அமுக்கிக்கொண்டு அடித்தகட்டைத் தொட்டுவிடும். அதன்பின் பயணம் தகட்டின்மேல்தான். சற்றுக் கெட்டியான, பின்பக்கம் அகன்ற சீட் பாரத்தைப் பரப்பும். சீட் கடையில் ஃபோமைக் கூட்டினால் முழங்கால் மடிப்பு குறையும். ஆனால் குள்ளமானவருக்குச் சிக்னலில் கால் எட்டாது.

இ) ஷாக் அப்சார்பர்: பெரும்பாலான வண்டிகளில் பின்பக்க ஸ்பிரிங்கின் இறுக்கத்தைப் படிப்படியாக மாற்ற வழியுண்டு. தனியே போகும்போது தளர்த்தவும், ஆளோ மூட்டையோ ஏறும்போது இறுக்கவும் அமைந்தது இது. ஷோரூமிலிருந்து எந்தப் படியில் வந்ததோ அந்தப் படியிலேயே வண்டியின் ஆயுள் முழுவதும் வைத்திருப்பது மரபு.

ஈ) காற்று: டயரில் காற்று மிகுந்தால் சிறு கல்லும் முதுகில் பதிவாகும், குறைந்தால் வண்டி இழுக்கும், டயரும் தேயும். பின்னால் ஆள் இருந்தால் பின்சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும். அளவைக் கையேடு சொல்லும். ஆனால் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்க்கும் முறையே கையேட்டினும் செல்வாக்குடையது.

உ) முழங்கால்: உடலோடு வரும் ஸ்பிரிங். இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிமுறைப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். ஊர்ப்புறத் தடைகளில் உயரம் பேணப்படும், அகலம் பேணப்படாது. அங்கே ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, சீட்டிலிருந்து நாலு விரற்கடை எழுந்து கடப்பதே முறை. இதற்குச் செலவில்லை; ஆதலால் இதைப் பரிந்துரைக்கும் கடையும் இல்லை.

4. உரிப்பொருள்

முல்லைக்கு உரியது இருத்தல். நெய்தலுக்கு உரியது இரங்கல். பைக் பயணம் இருத்தலில் தொடங்கி இரங்கலில் முடிவதால் திணைமயக்கம் போலத் தோன்றும். நிலம் முன்னொரு காலத்தில் கடலாயிருந்தது என்பதை நினைத்தால் மயக்கம் தெளியும்.

ஊடல், பின் சீட்டுக்கு உரியது. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்டும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பும் இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அம்மறைப்பே மக்கள் வழக்கில் சாரி கார்டு. ஒரு பக்கமாக அமர்பவரின் முகம் சாலையை நோக்காமல் வயலை நோக்கித் திரும்பியிருப்பதால், வேகத்தடை வருவது அவருக்குத் தெரியாது. ஓட்டுபவர் முன்கூட்டிச் சொல்லாத ஒவ்வொரு தடையும் பின்னர் வீட்டில் எடுத்துக்காட்டுடன் விவாதிக்கப்படும்.

நலம் பங்கிடப்படும் வரிசையும் இங்கே கூறத்தக்கது. செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஏறும்போது பின் சீட் கழற்றப்படும். முன்புறத் தட்டில் இன்னொரு மூட்டை நிமிர்ந்து அமரும். மூட்டைக்குக் கயிறு, அடியில் சாக்கு, மேலே தார்ப்பாய் என முழு நலமும் கிட்டும். ஓட்டுபவர் முழங்கால்களை இருபுறமும் விரித்து, எஞ்சிய இடத்தில் அமர்வார். முதல் உரிமை மூட்டைக்கு, அடுத்தது குழந்தைக்கு, அதற்கடுத்தது மனைவிக்கு; ஓட்டுபவருக்கு மிச்சம். கடைகளில் விற்கும் ஜெல் சீட்டும் மணி சீட்டும் இம்மாவட்டங்களில் பெரிதும் பரவாததற்கு இவ்வரிசையே காரணமாகலாம். மிச்சத்துக்கு யாரும் செலவு செய்வதில்லை.

5. புறனடை

மேற்கூறியவை யாவும் வண்டியில் செய்யும் மாற்றங்கள். வண்டியைத் தொடாமல் செய்யப்பட்ட மாற்றம் ஒன்றுண்டு. இத்துறையில் அதற்கு இணையில்லை. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது, ஜெயங்கொண்டத்தில் ஒருவர் மனுவுடன் கலெக்டரைப் பார்க்க அரியலூரைத் தாண்டிப் பெரம்பலூர் வரை போக வேண்டியிருந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகிப் பயணம் குறைந்தது. 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட, பழைய தூரமும் பழைய வலியும் திரும்பின. 2007 நவம்பர் 23 அன்று அரியலூர் மறுபடி தனி மாவட்டமானது.

அதன் பயனாக, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளுக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து புறப்படும் பைக், போக 30, வர 30 என அறுபது கிலோமீட்டரை மிச்சப்படுத்துகிறது. எந்தத் துண்டும், எந்த ஃபோமும், எந்த ஸ்பிரிங்கும் இவ்வளவு நலம் செய்ததில்லை. சிறுவாச்சூர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டவருக்கு மட்டும் இச்சலுகை பொருந்தாது. அவர் அதே திங்கட்கிழமையில் பழைய தூரத்தையும் கடந்து, பெரம்பலூருக்குத் தெற்கே இன்னும் சில கிலோமீட்டர் போயாக வேண்டும்.