பேரு எத்தனை வேணும்னாலும் வச்சுக்க, அப்பு

வா அப்பு, இப்படி நெழல்ல ஒக்காரு. மொதல்ல ஒன்னு சொல்லு. இன்னைக்கி நீ யாரு?

கோவிச்சுக்காத. ஒன் போனுக்குள்ள நாலு ஆளா இருக்கியாமே, ஒன் தங்கச்சிதான் சொன்னா. ஃபேஸ்புக்குல அத்தை, மாமன், பங்குச்சாமி எல்லாரும் பாக்குற மாதிரி வேட்டி கட்டுன ஒரு நல்ல புள்ள. இன்ஸ்டாகிராம்ல கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு பாம்பன் பாலத்துல நிக்கிற கடல்ராசா. எக்ஸ்ல மூஞ்சிக்குப் பதிலா ஒரு சிங்கம். அது உள்ளூர் கவுன்சிலர்லருந்து பிரதமர் வரைக்கும் ஒருத்தரையும் விடாம வையுது. லிங்க்டின்ல? 'மெரைன் எக்ஸ்போர்ட் கன்சல்டன்ட்'. மண்டபத்துக் கம்பெனியில ஐஸ் பொட்டி எண்ணுறதுக்கு இம்புட்டு நீளப் பேரா?

கேட்டா 'டிஜிட்டல் ஐடென்டிட்டி'ங்குற. 'பெர்சனல் பிராண்டு'ங்குற. என்னமோ நீங்கதான் உலகத்துலயே மொத மொதலா ரெண்டு பேரு வச்சுக்கிட்ட மாதிரி!

நம்ம தங்கச்சிமடத்துல எவனுக்கு ஒத்தப் பேரு? கோயில் புத்தகத்துல ஞானஸ்நானப் பேரு ஒன்னு. வீட்டுல கூப்புடுற பேரு ஒன்னு. ரேஷன் கார்டுல, எழுதுனவரு காதுல எப்படி விழுந்துச்சோ அந்தப் பேரு ஒன்னு. கடல்ல பட்டப்பேரு ஒன்னு. அதைப் பொம்பளைக இருக்குற எடத்துல சொல்ல முடியாது. அக்கரையில, இலங்கையில சண்டை நடந்த காலத்துல இங்கிட்டு வந்து எறங்குன பயகளுக்கும் அப்படித்தான். ஆத்தா வச்ச பேரு ஒன்னு, இயக்கம் வச்ச பேரு ஒன்னு.

ஆனா எந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட்டாலும் திரும்புற தலை ஒன்னுதான். அது யாரு தலைன்னு ஊருக்கே தெரியும். பட்டப்பேருல கடன் வாங்கிட்டு ஞானஸ்நானப் பேருல ஓடிற முடியுமா? ஓடிப் பாரேன், படகு மொதலாளி சம்மாட்டி விடுவாரா?

எழுத்துக்காரங்களைப் பாரு. குமுதத்துல ரா.கி.ரங்கராஜன்னு ஒருத்தர் இருந்தாரு. சூர்யாங்குற பேருலயும் எழுதுவாரு, கிருஷ்ணகுமார்ங்குற பேருலயும் எழுதுவாரு, மாலதிங்குற பேருலயும் எழுதுவாரு. படிக்கிறவன் இது வேற ஆளு, அது வேற ஆளுன்னு நெனச்சுக்கிட்டுக் கெடப்பான். அவரு ரங்கராஜன்னு அங்க இருந்ததால இன்னொரு ரங்கராஜன் தன் பொஞ்சாதி பேரை எடுத்துப் போட்டுக்கிட்டாரு. அவருதான் சுஜாதா. பகல்ல பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல இஞ்சினியரு, வீட்டுல ரங்கராஜன், பத்திரிகையில சுஜாதா. ஸ்ரீவேணுகோபாலனைத் தெரியுமா? அந்தப் பேருல 'திருவரங்கன் உலா' எழுதுனாரு, பக்திமான்க கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அதே கை புஷ்பா தங்கதுரைங்குற பேருல எழுதுனதைக் கொஞ்சப் பேரு தலகாணிக்கு அடியில வச்சுப் படிச்சாங்க. ரெண்டு கூட்டமும் ஒன்னை ஒன்னு தொந்தரவு பண்ணலை. இதுல யாருக்கு என்ன நட்டம்?

பேஸ்புக்கு மொதலாளி மார்க் சக்கர்பெர்க் ஒரு காலத்துல நியாயம் பேசுனாரு. ஒரு ஆளுக்கு ரெண்டு அடையாளம் இருந்தா அது நேர்மைக் குறைச்சலாம். ஆகா! 2012ல அவரே வாங்கிப் போட்ட இன்ஸ்டாகிராம்ல இன்னைக்கி ஒரே போன்ல அஞ்சு கணக்கு வச்சு மாத்தி மாத்தி நொழையலாம். அவரு வாட்ஸ்அப்புல 2023லருந்து ஒரு போன்ல ரெண்டு நம்பரு ஓட்டலாம். நேர்மை அங்கிட்டு, யாவாரம் இங்கிட்டு. அவருக்கே ரெண்டு நாக்கு இருக்கையில நமக்கு ரெண்டு பேரு இருந்தா குத்தமா?

பொழப்பு தெரிஞ்சவன் ஒரே அடையாளம்தான் வேணும்னு பேசமாட்டான் அப்பு. சம்மாட்டிகிட்டப் பேசுற மாதிரி கூட்டாளிகிட்டப் பேசுனா கூட்டாளி போயிருவான். கூட்டாளிகிட்டப் பேசுற மாதிரி சம்மாட்டிகிட்டப் பேசுனா வேலை போயிரும். எடத்துக்கு ஏத்த வாயி வேணும். அது பொய்யில்ல, புத்தி.

சில பேருக்கு அது புத்தி மட்டுமில்ல, உசுரு. திருச்சிப் பக்கம் துவரங்குறிச்சியில ருக்கையான்னு ஒரு பொம்பளப்புள்ள. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிட்டாங்க. கட்டிக் குடுத்த வீட்டுலயும் எழுதத் தடை. அந்தம்மா என்ன செஞ்சாங்க? ஒளிஞ்சு ஒளிஞ்சு எழுதி, 'சல்மா'ன்னு பேரு போட்டு வெளிய அனுப்புனாங்க. எழுதுனது யாருன்னு தெரியாமலே ஊரு படிச்சுச்சு. பெறகு என்னாச்சு? 2001ல அதே ஊருல பேரூராட்சித் தலைவர். 2025ல மாநிலங்களவை உறுப்பினர். ஒளிச்சு வச்ச பேரே கடைசியில அந்தம்மாவுக்கு மொகமாயிருச்சு. இன்னைக்கும் சொந்தப் பேரு போட்டு ஒரு போட்டோ ஏத்துனா, கண்டவனும் உள்பெட்டியில வந்து பல்லிளிக்கிறான்னு எத்தனை பொம்பளப்புள்ளைக வேற பேருல இருக்கு? அதுகளைப் போயி 'ஏன் ஃபேக் ஐடி?'ன்னு கேக்குறவன், மொதல்ல பல்லிளிக்கிறவனைக் கேக்கட்டும்.

அப்ப எங்க கெடுது? தட்டி மறைப்புக்குப் பின்னால குளிக்கிறது வேற அப்பு, தட்டிக்குப் பின்னால நின்னு போறவன் வாரவன் மேல கல்லெறியிறது வேற. தட்டி ஒரே தட்டிதான். கையில இருக்கிறது தண்ணிச் செம்பா, கல்லா?

கல்லெறியிறவனுக எங்க இல்ல? டி.ஜி.பி.யா இருந்த சைலேந்திர பாபு பேரையும் படத்தையும் வச்சே வாட்ஸ்அப்புல காசு புடுங்கப் பாத்தானுக. போலீஸ் பெரியவரு பேரையே எடுக்குறவன் ஒன் பேரை எடுக்க யோசிப்பானா? செத்தவங்களையும் விடலை. நம்ம பக்கத்துல பேய்க்கரும்புல தூங்குறாரே கலாம், அவரு போனது 2015ல. ஆனா தெனம் வெள்ளன வாட்ஸ்அப்பைத் தொறந்தா புதுசு புதுசா பொன்மொழி சொல்லிக்கிட்டே இருக்காரு! உசுரோட இருக்கையில அந்த மனுசன் இம்புட்டுப் பேசலையே?

நீ கேப்ப: 'நான் யாருன்னு எவனுக்குத் தெரியும் தாத்தா?' அடேயப்பா. பாண்டவங்க ஒரு வருசம் விராடன் ஊருல பேரை மாத்தி, உடுப்பை மாத்தி ஒளிஞ்சு கெடந்தாங்க. பீமன் சமையக்கட்டுல கரண்டி புடிச்சான். கீசகன் செத்தான்னு சேதி போனதும் துரியோதனன் பக்கம் என்ன நெனச்சாங்க? இப்படி அடிக்கிற கை பீமன் கைதான்னு. பேரை மாத்தலாம், கையை மாத்த முடியுமா?

சீமைக்கதை வேணுமா? ஹாரி பாட்டர் எழுதுன ரௌலிங் அம்மா 2013ல ராபர்ட் கல்பிரைத்துன்னு ஆம்பளப் பேருல ஒரு துப்பறியும் கதை போட்டாங்க. ரகசியம் எப்படி ஒடைஞ்சுச்சு? அவங்க வக்கீல் ஆபீஸ்ல ஒருத்தரு தன் பொஞ்சாதியோட சிநேகிதிகிட்டச் சொன்னாரு. அந்தம்மா ட்விட்டர்ல போட்டாங்க. அம்புட்டுத்தான். அதுக்கும் மேல, எழுத்து நடையைக் கம்ப்யூட்டர்ல குடுத்து ஒப்பிட்டுப் பாத்தாங்க, அதுவும் அவங்களைத்தான் காட்டுச்சு. கோடி கோடியாக் காசு வச்சிருக்கிற அம்மாவால காப்பாத்த முடியாத ரகசியத்தை, டீக்கடையில லாக் போடாமப் போனை மேசை மேல வச்சுட்டுப் போற நீயா காப்பாத்தப் போற?

எங்களைப் பாரு. கடலுக்குப் போகணும்னா மீன்துறை டோக்கன் வேணும். படகு மேல நம்பரு எழுதணும். 2008ல கடல் வழியா வந்த தீவிரவாதிக மும்பையைத் தாக்குனதுக்கப்பறம் கையில அடையாள அட்டையும் வந்துச்சு. நடுக்கடல்ல இலங்கை நேவி மறிச்சான்னா 'ஒன் பட்டப்பேரு என்ன?'ன்னா கேப்பான்? போனும் அப்படித்தான். மேல எத்தனை பேரு ஒட்டுனாலும் அடியில ஒரு சிம்மு இருக்கு, சிம்முக்கு அடியில ஒன் ஆதாரு இருக்கு. ஒரு ஆளு பேருல ஒம்பது சிம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இருக்கு. மீறுனா, 2023ல வந்த தொலைத்தொடர்புச் சட்டப்படி மொத தடவைக்கே 50,000 ரூவா வரைக்கும் அபராதம். ஒன் பேருல எத்தனை ஓடுதுன்னு அரசாங்கத்தோட 'சஞ்சார் சாத்தி' தளத்துல போயிப் பாரு. நீ வாங்காத சிம்மும் ஒன் பேருல இருக்கலாம், அப்பு. புனைபேரு வச்சதுக்கு எவனும் புடிக்க மாட்டான். அடுத்தவனா நடிச்சு ஏமாத்துனா, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி இருக்கு. 3 வருசம் வரைக்கும் கம்பி எண்ணலாம், 1 லட்சம் வரைக்கும் கட்டலாம்.

இன்னொரு கூத்து கேளு. 'ஒன் பேங்குக் கணக்கையும் சிம்மையும் கொஞ்ச நாளைக்குக் குடு, கமிஷன் தாரேன்'னு ஒருத்தன் வருவான். இனிக்கப் பேசுவான். எங்கயோ ஒரு கெழவிகிட்டப் புடுங்குன காசு ஒன் கணக்கு வழியாப் போகும். போலீசு வாரப்ப அவன் இருக்க மாட்டான். வேட்டியைத் தோச்சுக் குடுக்கலாம், பேரை வாடகைக்குக் குடுக்கலாமா?

சரி, கெழவன் கணக்குக்கு வா. ஒரு பேருக்கு ஒரு வேலை வை. குடும்பத்துக்கு ஒன்னு, பொழப்புக்கு ஒன்னு, மனசுல உள்ளதை எழுத ஒன்னு. வேலை இல்லாத பேரை அழி. எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு போடாத. ஒன்னு போனா அம்புட்டும் போகும். எல்லாத்துலயும் ஒரே போட்டோவை மாட்டாத. அப்பறம் எதுக்கு நாலு பேரு? பழைய நம்பர்ல கட்டிப்போட்ட கணக்கை மறந்துறாத. ரீசார்ஜ் பண்ணாம விட்டு நம்பரை ரத்துப் பண்ணிட்டான்னா, 90 நாளுக்கப்பறம் அது வேற ஆளுக்குப் போகலாம். ஒன் ஓடிபி அவனுக்குப் போகும். காசு பறிபோச்சுன்னா வெக்கப்பட்டு மூடி வைக்காம அன்னைக்கே சைபர் குத்தப் புகார் நம்பரு 1930க்குப் போன் போடு.

அளவுகோல் ஒன்னே ஒன்னுதான். அந்தப் பேருல செஞ்சதை ஒருநாள் சொந்தப் பேருல ஒத்துக்க முடியுமா? சல்மா ஒத்துக்கிட்டாங்க, சுஜாதா ஒத்துக்கிட்டாரு. நீ?

எந்தப் பேருல எழுதுனாலும் ஒங்க ஆத்தா படிக்கும்னு நெனச்சு எழுது. சிரிக்கிறியா? ஒங்க ஆத்தாவுக்கு ஃபேக் ஐடி இல்லைன்னு ஒனக்கு எவன் சொன்னான்?