வெங்காயம் ஏற்றாத கப்பல்

எங்கள் கரையில் ஒரு கப்பலைப் பார்த்து "என்ன அழகு!" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மணப்பாட்டுக்காரர் கண்ணில் தூரத்தில் ஒரு பாய் தெரிந்தாலும் சரி, புகைக்கூண்டு தெரிந்தாலும் சரி, முதலில் வருவது ஒரே கேள்விதான்: "என்ன ஏத்திருக்கு?" உப்பு என்றால் ஒரு மரியாதை, ஓடு என்றால் ஒரு மரியாதை, வெங்காயம் என்றால் அதற்குத் தக்க மரியாதை. ஒன்றும் ஏற்றவில்லை என்றால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே வீண் என்று பெரியவர்கள் வலையைப் பழுதுபார்க்கக் குனிந்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் ஊர் பார்க்க லட்சணமானது. திருச்செந்தூருக்குத் தெற்கே, கருமேனியாறு கடலில் சேரும் இடம். ஒரு புறம் கடல், மறுபுறம் கழி, நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு, மேட்டின் உச்சியில் வெள்ளை வெளேரென்று திருச்சிலுவைக் கோயில். வெளிநாட்டுப் பயணிகள் இதைப் பார்த்துவிட்டு இத்தாலியா, கிரீஸா என்று தங்களுக்குள் வாதாடுவார்கள். நாங்கள் இடையில் புகுந்து உடன்குடி பக்கம் என்று சொல்லிக் கெடுப்பதில்லை.

அந்தக் கோயிலின் தொடக்கமே ஒரு கப்பல்தான். 1540 வாக்கில் போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று புயலில் மாட்டிக்கொண்டது. தப்பினால் ஒடிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நடுவேன் என்று கப்பல் தலைவர் நேர்ந்துகொண்டார். தப்பினார், நட்டார். 1542-ல் புனித சவேரியார் வந்து, பக்கத்துக் குகையில் தங்கினார். 1581-ல் கோயில் எழுந்தது. உலகத்தில் மற்ற துறைமுகங்கள் நிமிர்ந்து நிற்கிற பாய்மரங்களைப் பார்த்துப் பெருமைப்படும். எங்கள் பெருமை ஒடிந்ததில் தொடங்குகிறது. அந்தக் கப்பல் என்ன ஏற்றியிருந்தது என்று மட்டும் யாரும் எழுதி வைக்காதது ஊருக்கு இன்றுவரை ஒரு குறை.

என் அத்தான் ஒருவர் கப்பலில் வேலை பார்க்கிறார். ஒருமுறை மொனாக்கோ துறைமுகத்திலிருந்து படங்கள் அனுப்பினார். வரிசையாகப் பழைய பாய்க்கப்பல்கள். தேக்குத் தளம், பித்தளைக் கைப்பிடி, முகம் பார்க்கும் அளவுக்கு வார்னிஷ். அந்தப் படங்களை நான் தண்டல் மாமாவிடம் காட்டினேன். தோணியின் தலைவனைத் தண்டல் என்போம். மாமா தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடியவர். ஓய்வு பெற்ற பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"இதுல என்னல ஏத்துவாவ?"

"ஒண்ணும் ஏத்த மாட்டாவ மாமா. ஆளு மட்டும்தான்."

"எங்க போவும்?"

"எங்கயும் போவாது. பந்தயம் விடுவாவ. சுத்திட்டு அதே இடத்துக்கு வந்துரும்."

மாமா போனைத் திருப்பிக் கொடுத்தார். "அப்பம் அது கப்பல் இல்லல. ரங்கராட்டினம்."

நான் விடவில்லை. ஒனாசிஸின் 'கிறிஸ்டினா' கதையைச் சொன்னேன். 1943-ல் கனடாவில் கட்டிய போர்க்கப்பல். போர் முடிந்ததும் இரும்பு விலைக்கு வந்தது. அந்தக் கிரேக்கக் கப்பல் முதலாளி 34,000 டாலருக்கு வாங்கி, அதன்மேல் 40 லட்சம் டாலர் செலவழித்து உல்லாசப் படகு ஆக்கினார். நீச்சல் குளத்தின் அடித்தளத்தை மேலே உயர்த்தினால் அது நடன அரங்கம் ஆகிவிடும். மதுக்கூடத்து நாற்காலிகளுக்குத் திமிங்கிலத் தோல். சர்ச்சிலே வந்து தங்கியிருக்கிறார்.

மாமா யோசித்தார். "எங்க தோணியிலயும் அதான். வெங்காய மூட்டைய அடுக்கிட்டா அதுதான் மேடை, அதுதான் படுக்கை, அதுதான் சாப்பாட்டு மேசை. சர்ச்சில் வந்திருந்தா ஒரு மூட்டைய ஒதுக்கிக் குடுத்திருப்போம்."

தோணியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தூத்துக்குடியின் கடல் கரையோரத்தில் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கிட்டே வர முடியாமல் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கை ஏற்றி இறக்கியவை தோணிகள். அதே தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கும் போய்வந்தன. உலகத்தில் மற்றவர்கள் எஞ்சினுக்கு மாறிப் பல காலம் ஆன பிறகும் எங்கள் ஆட்கள் வாடையையும் கொண்டலையும் கச்சானையும் நம்பி வியாபாரம் செய்தார்கள். கச்சான் உரக்கும் மாதங்களில் தோணி கரையில் ஓய்வெடுக்கும். அப்போது பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி வைத்துக் கலப்பத்து அடிப்பார்கள். மேலே சுறா எண்ணெய் பூசுவார்கள். மொனாக்கோவில் வார்னிஷ் வாசனை வருமாம். எங்கள் தோணி வருவதைக் கண்ணால் காணும் முன்பே மூக்கு சொல்லிவிடும். தோணிக்காரர்களின் வாழ்க்கையை ஜோ டி குருஸ் 'கொற்கை'யில் எழுதி, 2013-ல் சாகித்திய அகாதெமி பரிசும் வாங்கிவிட்டார். சுறா எண்ணெயை மட்டும் எந்த அச்சகத்தாலும் புத்தகத்தில் ஏற்ற முடியாது.

கவர்ச்சி எங்களுக்கு இல்லாமல் போகவில்லை. அது கப்பலுக்கு வெளியே இருந்தது. ஊரில் உயரமான தூண்களோடு நிற்கிற பெரிய வீடுகள் பலவும் கொழும்பு வியாபாரத்தில் எழுந்தவை. கொழும்பிலிருந்து வருகிற பெட்டியைத் திறக்கும்போது எழும் சோப்பு வாசனைக்குத் தெருவே கூடும். பால்மாவு டின், டார்ச் லைட், சாரம், சென்ட்டு. அந்தப் பெட்டியை ஏற்றிவந்த தோணிக்கு என்ன பெயர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெட்டிக்குள் இன்னும் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

வ.உ.சி.யின் கதையிலும் இந்தக் குணம்தான் அவரைப் படுத்தியது. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர். இந்தக் கணக்கிலேயே தெரியும், எங்கள் கடலில் உல்லாசத்துக்கு எவ்வளவு இடம் என்று. எதிரே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கப்பல் எட்டணா என்றது. கம்பெனி உடனே, காசே வேண்டாம், ஏறினால் ஒரு குடையும் தருகிறோம் என்றது. தேசபக்தியை வெல்லக் குடையை அனுப்பிய ஒரே கடற்போர் இதுவாகத்தான் இருக்கும். எங்கள் பூட்டனார் வீட்டில் பழைய கறுப்புக் குடை ஒன்று இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டால் பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

1908-ல் வ.உ.சி. கைதானார். 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது. காலியா வந்து இரண்டு ஆண்டு கழித்து, 1909-ல், ஸ்காட்லாந்தில் வில்லியம் ஃபைஃப் 'டுய்கா' என்றொரு பந்தயப் படகைக் கட்டினார். அது இன்றைக்கும் மொனாக்கோ படகுச் சங்கத்தின் தலைமைப் படகாகப் பளபளக்கிறது. நாட்டுக்காக உழைத்த கப்பலின் ஒரு ஆணிகூடக் காணக் கிடைக்கவில்லை. ஒரு நாளும் ஒரு மூட்டை சுமக்காத படகுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. சும்மா இருப்பதே சுகம் என்று சித்தர்கள் சொன்னதை மரப்பலகைகள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கின்றன.

மத்தியதரைக் கடல் ஒருமுறை எங்களைத் தேடியே வந்தது. 2011-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்று பெயர். 1972-ல் அட்ரியாடிக் கரையில், அன்றைய யூகோஸ்லாவியாவில் கட்டியது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே உல்லாசப் பயணிகளை ஏற்றித் திரிந்தது. 2011-ல் லிபியாவில் கலவரம் வந்தபோது பெங்காசியில் சிக்கிய நம் நாட்டவர்களை அலெக்ஸாண்டிரியாவுக்குக் கொண்டுசேர்த்தது. அதே கையோடு, ஜூன் 13-ல் எங்கள் கடலில் ஓடத் தொடங்கியது. 152 கடல் மைல், 14 மணி நேரம்.

ஊரே பரவசப்பட்டது. நான் படிக்கட்டு, விளக்கு, வெள்ளை நிறம் என்று பேசிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "ஆளுக்கு எத்தன கிலோ விடுவாவ?" கரிசனை முழுவதும் கிலோவில் இருந்தது, பயணச்சீட்டு வாங்குவதில் இல்லை. ஆளும் சேரவில்லை, கணக்கும் சேரவில்லை. நவம்பரிலேயே சேவை நின்றது. அடுத்த ஆண்டு அந்தக் கப்பல் சிட்டகாங்கில் உடைபட்டது. மொனாக்கோ பக்கமே தங்கியிருந்தால் யாராவது பணக்காரர் நாற்காலிக்குத் தோல் தைத்துப் போட்டிருப்பார்.

இப்போது எங்கள் ஊரிலும் காலம் மாறுகிறது. அலைச்சறுக்குப் பலகையோடும், காற்றாடியில் தொங்கிக்கொண்டும் இளைஞர்கள் கடலில் இறங்குகிறார்கள். நாள் முழுக்க அலையோடு மல்லுக்கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே கரையேறுகிறார்கள். ஆரம்பத்தில் மீன் ஏலம் எடுக்கும் அக்காமார் அவர்களைச் சூழ்ந்துகொண்டு, "மீன்பாடு உண்டா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். இல்லை என்றதும் பாவப்பட்டார்கள். சினிமாக்காரர்களும் வருகிறார்கள். வலை இல்லாமல் வள்ளத்தை விடச் சொல்லி, மாலை வெயிலில் போகவும் வரவும் வைத்து, அதற்குக் கூலியும் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் ஊருக்கு முதல் தடவையாக ஒன்று விளங்கியது: வெறும் வள்ளத்துக்கும் விலை உண்டு.

அந்தத் தெம்பில் நான் மாமாவிடம் என் திட்டத்தைச் சொன்னேன். மிச்சமிருக்கிற தோணிகளில் ஒன்றை வாங்கி, எஞ்சினைக் கழற்றி, பழையபடி பாய் கட்டிக் கழியில் நிறுத்தலாம். வார்னிஷ் அடிக்கலாம். எந்தச் சரக்கும் ஏற்ற வேண்டாம். உலகம் வந்து பார்க்கும்.

"சரக்கு இல்லாமலா? வெறுந்தோணி காத்துல நிக்காதுல. கவுந்துரும். அடிபாரம் வேணும்."

"அந்தப் படகெல்லாம் நிக்குதே மாமா."

"அடியில என்ன வச்சிருக்காவன்னு அத்தான்ட்ட கேளு."

கேட்டேன். ஈயமாம். டன் கணக்கில் ஈயத்தை அடியில் பதித்துத்தான் அந்தப் பந்தயப் படகுகள் நிமிர்ந்து ஓடுகின்றனவாம். மாமாவிடம் வந்து சொன்னேன். அவர் முகத்தில் ஐரோப்பா மீது முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

"அப்பம் ஏத்தத்தான் செய்யிறாவ. ஏத்துனதை எறக்கத் தெரியாம, நூறு வருசமா சுமந்துக்கிட்டுத் திரியிறாவ. வெங்காயம்னா மாலத்தீவுல வித்திருக்கலாம்ல!"