கதவு தட்டும் பையன்கள்

கேள்வி: வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர் அட்டையோடு ஜோடி ஜோடியாகச் சுற்றும் மார்மன் சபை இளைஞர்களுக்கு வெளிநாட்டில் எப்படிப் பொழுது போகிறது?

பதில்: பொழுது எங்கே போகிறது? அவர்கள்தான் போய்க்கொண்டே இருக்கிறார்கள்! ஆண்களுக்கு வீடு வீடாகச் சென்று மதம் பரப்பும் இரண்டு ஆண்டு ஊழியம், சம்பளம் கிடையாது. எந்த நாடு என்பதைச் சபைதான் தீர்மானிக்கும். ஜப்பான் என்று வந்தால், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பதினெட்டு வயதுப் பையன் சில வாரங்கள் மொழி படித்துவிட்டு சைக்கிளில் ஏற வேண்டியதுதான். அங்கே ‘வேண்டாம்’ என்பதையும் குனிந்து வணங்கித்தான் சொல்வார்கள். யாராவது அன்போடு உள்ளே அழைத்துப் பச்சைத் தேநீர் நீட்டினால், சங்கடம் இன்னும் அதிகம். தேநீர், காபி, மது, புகையிலை நான்கும் இவர்களுக்கு ஆகாது. வறுத்த பார்லியில் போடும் ‘முகிச்சா’ வந்தால் பையன் பிழைத்தான்!

கூட வரும் ஜோடியையும் அவன் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனாலும் ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே பாதை. கல்யாணமான புதிதில்கூட யாரும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதில்லை.

எனக்கு மனதைத் தைப்பது வேறொன்று. 2019 வரை வீட்டாரோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று விதி தளர்ந்தது. எத்தனை அம்மாக்களுக்கு நிம்மதி!

வெளிநாட்டில் வாழும் வாசகர்களே, அவர்கள் மதம் உங்களுக்கு வேண்டாம் என்றால் தாராளமாகச் சொல்லிவிடுங்கள். ஆனால், வெயிலில் வந்த பிள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.