முதல் ட்ரிப்புக்குப் பாதி லோடு

பழைய தமிழ்ப் படங்களில் பணக்கார அப்பா என்றால் மாடிப்படி, பட்டுக் கவுன், வாயில் பைப் மூன்றும் கட்டாயம். எங்கள் சங்ககிரியிலும் பணக்காரர்கள் உண்டு. லாரிப் பட்டறை வாசலில் லுங்கியோடு நின்று டயரை உதைத்துப் பார்ப்பார்கள். பைப் இந்த ஊருக்கு ஒத்துவராத பண்டம். அதனால்தான் எனக்கு ஆசை வந்தது. புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயோடு சரி என்று பைப்காரர்கள் பெருமைப்படுவார்கள். வாய்ப்புற்றுக்கு அதுவே தாராளம். எனக்கு வேண்டியது புகையல்ல, தோரணை.

மாமாவிடம் யோசனை கேட்டேன். அவருக்கு லாரி தவிர எதுவும் தெரியாது.

"பிரையர்தானுங் மாமா நல்லது. மத்தியதரைக் கடலோரத்துப் புதரோட வேர்க்கட்டை. வேக வெச்சு, மாசக்கணக்கா காயப் போடுவாங்க. லேசுல தீப்பிடிக்காது."

"நெருப்பு வெக்கற சாமானுக்குத் தீப்பிடிக்காத கட்டையா?"

புது பைப்பை எடுத்ததும் நிரப்பக் கூடாது. முதலில் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு புகையிலை, பிறகு பாதி. உள்சுவரில் மெல்லிய கரி படிந்த பின்தான் முழுசாக. இதைக் கேட்டதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "புது இஞ்சினுக்கும் முத ட்ரிப்பு பாதி லோடுதான் மாப்ள." கரி மிதமிஞ்சினால் கிண்ணம் விரிசல் விடும், சுரண்ட வேண்டும். "கார்பன் எடுக்கறது." ஒருமுறை பிடித்தால் ஒருநாள் ஆறவிட வேண்டும். "டிரைவருக்கு ரெஸ்ட்டு." நடுநடுவே அணைந்துபோகும். "பேட்டரி வீக்கு." தண்டுக்குள் ஈரம் போக, பிடித்து முடித்ததும் பைப் கிளீனர் வேண்டும் என்றேன். முகம் சுருங்கியது.

"கிளீனர் வேற தனியாவா? பேட்டா யாரு குடுக்கறது?"

அடுத்து மீர்ஷாம். துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கம் வெட்டும் மெத்தென்ற வெள்ளைக் கல், மக்னீசியம் சிலிகேட். அதைக் குடைந்து சுல்தான் தலையெல்லாம் செதுக்குகிறார்கள். சேலம் சுண்ணாம்புக்கரட்டிலும் மக்னீசியத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம்முடையது மாக்னசைட், உலைக்குச் செங்கலாகப் போகிறது. மாமா விலையை மட்டும் கேட்டார், பிறகு பேச்சை மாற்றினார்.

மிஞ்சியது மக்காச்சோளக் கட்டை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் இதில் பைப் செய்கிறார்கள். அந்த நாட்டு ராணுவ ஜெனரல் மெக்கார்தர் போட்டோவுக்குப் போட்டோ கடித்துக்கொண்டு நிற்பது இந்த ஜாதிதான். மலிவு, பாதி லோடு சம்பிரதாயமும் தேவையில்லை. புதிதாகப் பழகுகிறவனுக்கு இதைவிட வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

"இதுக்கு எதுக்கு அமெரிக்கா?" என்றார் மாமா. மணியை நாமக்கல் கோழி தின்கிறது, கட்டை நமக்கு. துளை போட, ஊர் ஊராகப் போர் போடும் ரிக் வண்டிகளின் தலைநகரான திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. தெரிந்த பட்டறைக்கு என்னை அனுப்பினார்.

மிசௌரிக்காரர்கள் இதற்கென்றே கட்டை பருத்த ரகமாக வளர்க்கிறார்கள். நம்முடையது கோழிக்கென்று விளைந்தது, ஒல்லி. டிரில் வைத்த வேகத்தில் அடிவரை துளைத்து மேசையைத் தொட்டது. பட்டறைப் பையன் கண்ணை வைத்துப் பார்த்தான், வானம் தெரிந்தது. மாமாவுக்கு போன் போட்டு, அடியோடு போயிடுச்சுங் மாமா என்றேன்.

"எத்தன அடி போட்டீங்க? தண்ணி வந்துச்சா?"