கம்பளக் கறையியல்: தூத்துக்குடி மரபு

செயற்கை இழைக் கம்பளத்தில் படியும் எண்ணெய், தார், கிரீஸ் ஆகிய மூவகைக் கறையை நீக்குவது பற்றித் தமிழில் இலக்கண நூல் இல்லை. தொல்காப்பியரைக் குறை சொல்ல முடியாது. இத்தகைய கம்பளங்கள் பலவற்றுக்கு மூலப்பொருளான பாலிப்ரோப்பிலீனை இத்தாலியின் ஜூலியோ நாட்டா தயாரித்ததே 1954-இல்தான். 1963-இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அதன்மேல் சால்னா சிந்தினால் என்ன செய்வது என்பதற்கு அவரும் விடை சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஆய்வுக்களம் தூத்துக்குடி. கம்பளம் விரிக்க இதைவிடப் பொருந்தாத ஊர் கிடைப்பது அரிது என்பதால் தேர்ந்துகொள்ளப்பட்டது. விசைப்படகு விஞ்சின் கிரீஸ் மருமகன் காலோடு வீட்டுக்குள் வரும். சித்திரை வெயிலில் இளகிய ரோட்டுத் தார் பேரன் செருப்போடு வரும். சால்னா, பரோட்டாப் பொட்டலத்தோடு தானே வரும். மக்ரூன் மட்டும் நிரபராதி: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகியவற்றால் ஆன, நெய் சேராப் பண்டம் கறை செய்யாது என்க.

இனி, கட்சிகள். உப்பைக் கொட்டினால் எண்ணெயை உறிஞ்சும் என்பார் ஒரு சாரார். உப்பளம் சூழ்ந்த ஊராதலின் இவர்களுக்கு ஆள்பலம் அதிகம். அது பொருந்தாது, என்னை? உப்பு ஈரத்தை இழுக்குமேயன்றி எண்ணெயை அவ்வளவாக இழுக்காது. கடலை மாவு மேல் என்று சொல்லிப் பார்த்தோம், ஊர்ப்பற்றினால் ஒப்பவில்லை.

மண்ணெண்ணெய்க் கட்சியார் வாதம் வலுவானது. தாரும் மண்ணெண்ணெயும் ஒரே கச்சா எண்ணெயின் பிள்ளைகள். பங்காளி வந்து கூப்பிட்டால் தார் இளகி வந்துவிடும். ஆனால் கம்பளத்தின் அடியில் இழைகளைப் பிடித்திருக்கும் ரப்பர்ப் பசையும் கூடவே இளகும். தாள் வைத்து இஸ்திரி போடுவோரும் உளர். பாலிப்ரோப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகும். பருத்திக்கு வைத்த இஸ்திரிப் பெட்டி அதையும் தாண்டும். கறை போகும், பெட்டியின் வடிவில் கம்பளமும் போகும்.

நிற்பது ஆச்சிமார் கட்சி. “எண்ணெய எண்ணெயாலதாம்ல எடுக்கணும்!” ஐஸ் வைத்துத் தாரை இறுக்கி, கரண்டி விளிம்பால் சுரண்டி, மிச்சத்தில் தேங்காய் எண்ணெயை ஒற்றி இளக்க வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். எண்ணெயைச் சுற்றி வளைத்து நீரில் இறக்கிவிடும். சனிக்கிழமைக் குளியலில் சீயக்காய் செய்வதும் இதுவே. அற்றேல், கம்பளத்துக்கும் சீயக்காயே போடலாமே எனின், வெளிர் நிறக் கம்பளத்தில் அது நான்காம் வகைக் கறையாகும். தேய்க்கலாகாது, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றுக.

இவ்வளவும் செய்து, மறுநாள் காய்ந்ததும் கறை மீண்டும் தலைகாட்டுவது உண்டு. பாலிப்ரோப்பிலீன் தண்ணீரை அண்டவிடாது. எண்ணெயை விடவே விடாது. அடியில் தங்கியது ஈரத்தோடு ஈரமாக இழை நுனிக்கு ஏறிவரும். போனதாக நாம் நினைத்த பங்கோ பழைய வேட்டியிலும், வாளியிலும், முற்றத்துக் கல்லிலும் நலமாக இருக்கும். மருமகன் அந்தக் கல்லை மிதித்துத்தான் உள்ளே வருவார்.

எனவே இக்கடற்கரையின் சொந்த முறையைப் பரிந்துரைக்கிறோம். முத்துச்சிப்பி தன்னுள் புகுந்த அந்நியப் பொருளை நீக்குவதில்லை. மேலே அடுக்கடுக்காகப் பூசி மூடிவிடுகிறது. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டியதும் இந்தக் குணத்தை நம்பித்தான். வீட்டில் இதற்கு டீப்பாய் போதும். கறை டீப்பாயினும் பெரிதாயின் சோபா. சோபாவினும் பெரிதாயின் கம்பளத்தைத் திருப்பிப் போடுக. திருப்பிப் போட்டபின் படியும் கறைக்கு இந்நூலில் விதி இல்லை.